மாமிக்கு ஏற்ற டயர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதுவது என் வேலை அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் நான் எழுதியது அந்தப் பரீட்சையில் வந்த ‘மழை நாள்’ என்ற கட்டுரைதான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பசளைப் படிவம், உர விண்ணப்பம். அதில் பெயர், முகவரி, வயலின் அளவு ஆகியவற்றுக்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. வாசிகசாலை மலருக்கு எங்கள் ஒழுங்கைத் தெருவிலிருந்து ஒருவர் எழுதவேண்டும் என்று நிர்வாகத்தார் கேட்டு வந்தபோது நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். என் மனைவி, “அவர் எழுதுவார். டயர் கதையை எழுதித் தருவார்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத மனுசனுக்கு எழுதவாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. பிழை இருந்தால் அவளிடம் சொல்லுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்குவதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பீர்கள். பின் சீற்றில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. என் பின் சீற்றில் இருப்பவர் என் மாமி, மனைவியின் தாய்.

நான் கல்லடியில் பிறந்தவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் பெண் வீட்டுக்கு, ஆரையம்பதிக்கு வந்தேன். என் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், ஆரையம்பதியில் பிறந்து கல்லடியில் கலியாணம் முடித்து அங்கே போய்விட்டான். இரண்டு ஊரும் ஆளுக்கு ஒருவரை மாற்றிக்கொண்டன. யாருக்கு நட்டம் என்று இதுவரை தீரவில்லை.

எங்களிடம் வீடும் பெண்ணுக்குத்தான், வயலும் பெண் வழிக்குத்தான். கரடியனாற்றுக்கு அப்பால் ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், மாமிக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. மாமா இறந்ததிலிருந்து பன்னிரண்டு வருடமாக அதை நான்தான் செய்கிறேன். உழவு, விதைப்பு, தண்ணீர் கட்டு, காவல் எல்லாம் நான். சரி, பிழை சொல்வது மாமி. பத்து நாளைக்கு ஒருமுறை தான் வந்து வரம்பில் நின்று பார்க்காவிட்டால் நெல்லில் கதிர் வராது என்பது அவருடைய எண்ணம். நெல்லுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் காய்ச்சலில் படுத்த வருடம் விளைச்சல் குறைந்தது. அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

மகன் இருக்க மருமகன் ஏன் கொண்டுபோகிறான் என்று நினைக்கலாம். மச்சான் மேசன் வேலை. கிழமையில் ஏழு நாளும் எங்காவது சுவரில் நிற்பான். அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின் சீற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். “அதில குரங்குதான் ஏறும்” என்று மாமி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஆகவே என்னுடைய பழைய நூறு சீசீ வண்டிதான். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம், நகரம், செங்கலடி, அங்கே கிறுகித் திரும்பிப் பதுளை வீதி, கரடியனாறு வரை தார் போட்ட காபட் வீதி. அங்கிருந்து கொஞ்சம் கிறவல் பாதை. கடைசி இரண்டு மைல் வாய்க்கால் கட்டு, அதாவது கரை மேட்டுப் பாதை. மழை பெய்தால் அந்தக் கட்டில் உள்ள கறுப்புக் களிமண், பிட்டுக்கு மா குழைத்த மாதிரி அல்ல, களிக்கு மா குழைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாமி என்னோடு நேரே பேசமாட்டார். கோபம் ஒன்றும் இல்லை, மரியாதை. மாமியும் மருமகனும் ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து சேனலுக்குச் சண்டை பிடிக்கும் வீடுகள் இப்போது இருக்கின்றன. எங்கள் வீட்டில் பழைய ஒழுங்கு. எனக்குச் சொல்லவேண்டியதை மாமி மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் பூனையிடம். பூனையும் இல்லாவிட்டால் முருங்கை மரத்திடம். “ஒருத்தருக்கும் பசிக்கல்ல போல” என்று அவர் முருங்கையைப் பார்த்துச் சொன்னால் நான் போய்ச் சாப்பிடவேண்டும். பேசவே வெட்கப்படுகிறவனுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது.

வண்டியிலும் அதே ஒழுங்குதான். எங்கள் இருவருக்கும் நடுவில், பன்புல்லால் இழைத்த மாமியின் பன்பை இருக்கும். வெற்றிலை, தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அதற்குள். மாமி ஒரு பக்கமாகக் கால் போட்டு, ஒரு கையால் பன்பையையும் மறு கையால் பின்னால் கரியர் கம்பியையும் பிடித்துக்கொள்வார். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட என் தோளில் கை வைத்ததில்லை. பள்ளத்தில் விழுந்தால் பன்பைக்குள் வெற்றிலைத் தட்டம் டங் என்று சத்தம் போடும். அதுதான் எனக்கு மெதுவாகப் போகச் சொல்லும் சமிக்ஞை.

பெரும்போக விதைப்புக்கு முன்னால், முதல் மழை விழுந்த கிழமை அது. சனிக்கிழமை காலை உழவைப் பார்க்கப் போனோம். என் பின் டயர் மொட்டை என்பது எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும். காற்றடிக்கும் இடத்தில் நிற்கும் நாய்க்கும் தெரியும். விதைப்பு முடியட்டும் மாற்றுவோம் என்று நான் வழக்கம்போல ஒத்திப்போட்டிருந்தேன். வாய்க்கால் கட்டில் மதகடியில் கிறுகும் இடத்தில் பின் சில்லு தன்பாட்டில் ஒரு பக்கம் போனது. நான் முன்னால் போக நினைக்க, வண்டி வாய்க்காலுக்குப் போக நினைத்தது. பின்னாலிருந்து யாரோ என் சேட்டின் முதுகைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த கணம் நாங்கள் இருவரும் வண்டியும் பன்பையும் களியில் இருந்தோம்.

அடி ஒன்றும் படவில்லை. களி நல்ல மெத்தை. இறால் கறியும் சோறும்தான் வாய்க்காலோடு போயிற்று. எதிர்க் கட்டில் உழவு இயந்திரத்தோடு நின்ற நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமி எழும்பினார், சேலையை உதறினார், பக்கத்தில் நின்ற மருத மரத்தைப் பார்த்து, “நடக்கிறதுக்குக் கால் இரிக்கிதானே” என்றார். வயலுக்கு நடந்தே வந்தார். திரும்பும்போது கரடியனாற்றுச் சந்திவரை நடந்து, பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று பின்நேரம் நான் முன் விறாந்தையில் இருக்கும்போது உள்ளே மகளிடம் சொன்னார். எனக்குக் கேட்கவேண்டும் என்ற அளவில் சத்தம் இருந்தது.

“புள்ள, நான் இனி அந்தச் சைக்கிள்ல ஏறமாட்டன். போய்ப் பாக்க ஏலாத வயல என்னத்துக்கு வெச்சிரிக்கிற? கரடியனாத்து ஆள் ரெண்டு வருசமாக் குத்தகைக்குக் கேட்கிறார்தானே. வெள்ளிக்கிழம வரட்டுமாம் எண்டு சொல்லு.”

“அம்மா, அவர் செய்வார்தானே?”

“செய்வார். ஆனா நான் பாக்கணும்.”

அந்த வயல் எனக்கு என்ன என்பதை இதுவரை வெளியே சொல்லவில்லை. இப்போது எழுதுவதால் சொல்கிறேன். ஊருக்குள் நான் பேசாத ஆள். கூட்டத்தில் கடைசிக் கதிரையில் இருப்பேன், கலியாண வீட்டில் பந்தல் காலுக்குப் பின்னால். வட்டையில் நான் வேறு ஆள். கொக்குகளை ஏசுவேன். தண்ணீரோடு கதைப்பேன். ஆள் இல்லாத நேரம் பாட்டும் உண்டு; கொக்குகள் அதற்குத்தான் எழும்பிப் போகின்றன என்று மனைவி சொல்வாள். அந்த மூன்று ஏக்கரும் வேறொருவர் கைக்குப் போனால் எனக்குச் சத்தமாகப் பேச உலகத்தில் இடமில்லை.

இரவுச் சாப்பாட்டில் மனைவி சொன்னாள்:

“வெள்ளிக்கிழமைக்கு முதல்ல டயர மாத்துங்க. நல்ல டயராப் பாத்துப் போடுங்க. அம்மா பாத்து நம்புற மாதிரி ஒண்டு.”

“எது நல்லது எண்டு எனக்கென்ன தெரியும் புள்ள?”

“தம்பியக் கேளுங்க.”

அதுதான் முதல் பிழை.

திங்கட்கிழமை கல்லடியில் டயர் கடைக்குப் போனோம். மச்சான் வேலைக்குப் போகாமல் வந்திருந்தான். என்மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை. அல்லது எனக்குப் புத்தி சொல்வதில் அவ்வளவு ஆசை. கடைக்காரர் என்னைவிட வயதில் இளையவர், கைகள் முழங்கை வரை கறுப்பு. ஒரு வண்டியின் சில்லைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“எங்க கூடுதலா ஓடுற அண்ணன்? ரோட்டிலயா, சேத்துக்கயா?”

நான் வாய் திறக்க முன் மச்சான் சொன்னான்:

“சேத்துக்கதான். கழுத்தளவு சேறு. மச்சான் போன கிழம மாமியாரோட உழுந்து எழும்பினவர்.”

அங்கே காற்றடிக்க நின்ற மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு டயரை மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

கடைக்காரர், தார் வீதி எத்தனை கட்டை, அதாவது மைல், களி எத்தனை கட்டை என்று என்னிடம் கேட்டறிந்து, மூன்று டயரை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். ஒன்றில் நீளமாகக் கோடுகள் மட்டும். அது காபட் வீதிக்கு. மழைத் தண்ணீரை வெட்டி விடும். களியில் இறங்கினால் கோடெல்லாம் அடைத்து மொட்டையாகிவிடும். இன்னொன்றில் ரப்பர் பொத்தான் பொத்தானாக நீட்டிக்கொண்டிருந்தது. களியைப் பிடித்துத் தள்ளி ஏறும், ஆனால் வீதியில் பொத்தான்களின் நுனி மட்டும்தான் தார் தொடும். மூன்றாவது இரண்டுக்கும் இடையில். நடுவில் தொடர்ச்சியாக ஒரு பட்டை, இரண்டு கரையிலும் அகலமான வெட்டுகள்.

“நான் எண்டா நடுவில உள்ளதுதான் சொல்லுவன்” என்றார் கடைக்காரர். “முப்பது கட்ட ரோட்டுக்கும் ரெண்டு கட்டச் சேத்துக்கும் சேத்துப் பாக்கணும்தானே.”

“உழுந்தது ரோட்டிலயா தம்பி?” என்றான் மச்சான். “உழுந்த இடத்துக்குத்தானே மருந்து போடணும்?”

அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது தெரிந்தது.

“பின்னுக்கு என்ன பாரம் ஏத்துற?” என்று கடைக்காரர் அடுத்த கேள்வியைக் கேட்டார். “அதுக்குத் தக்கனதான் டயரும் காத்தும்.”

“ஒரு ஆள்.”

“எத்தின கிலோ இரிக்கும்?”

பன்னிரண்டு வருடமாக மாமியை ஏற்றுகிறேன். அவருடைய நிறையை நினைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்குள் ஏதோ சொன்னது. எல்லாரும் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒரு மூடை நெல்லுக்குக் கொஞ்சம் கூட” என்றேன்.

“கொஞ்சம் எண்டா? ஈர நெல்லா, காஞ்ச நெல்லா?” என்று காற்றடிக்க நின்றவர்களில் ஒருவர் கேட்டார். கடைக்காரர் சில்லுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மச்சான் சிரித்த சிரிப்பில், தன் தாயைப் பற்றித்தான் பேச்சு என்பதே மறந்துபோயிருந்தது.

அந்தக் கடையை விட்டு எப்படியாவது வெளியே போனால் போதும் என்றிருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் பொத்தான் டயரே போடச் சொல்லிவிட்டேன்.

ஓட்டிப் பார்க்க, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் கல்லடிப் பாலத்தில் ஏறியதும்தான் சத்தம் கேட்டது. முதலில் பின்னால் ஒரு லொறி வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டினேன். நான் நிற்க அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் வீதி வெறுமை. மறுபடி ஓடினேன், மறுபடி ஊ... என்று நெல் குற்றும் ஆலைச் சத்தம். வாவியில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது நான் வருவது வீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. மச்சான் தொலைபேசியில், “எப்படி மச்சான், டிராக்டர் வீடு வந்திட்டா?” என்றான். அவன் சொல்லி வாங்கியது என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை தனியே வட்டைக்குப் போனேன். களியில் அந்த டயர் அருமை. விழுந்த அதே மதகடியில் மூன்று முறை வேண்டுமென்றே கிறுகிப் பார்த்தேன். எருமை போல ஏறியது. எதிர்க் கட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆனால் திரும்பும்போது செங்கலடிச் சந்தியில் நனைந்த வீதியில் பிரேக் பிடித்தேன், வண்டி நிற்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தது. அதை வீட்டில் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வண்டியைக் கழுவி முற்றத்தில், மாமி பல்லு விளக்கிவிட்டு வரும் வழியில், நிறுத்தினேன். மாமி நின்றார். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பார்த்தார். பூனை படிக்கட்டில் இருந்தது.

“மாட்டுக் குளம்பு மாதிரி இரிக்கு” என்று பூனையிடம் சொன்னார்.

மனைவி கண்ணைக் காட்டினாள். “அம்மா, சந்தி மட்டும் போய்ப் பாருங்களன். சறுக்காதாம்.”

மாமி பன்பையை எடுத்து வந்தார். எனக்கு உள்ளே விதைப்பே முடிந்துவிட்ட மாதிரிச் சந்தோஷம். ஏறினார். மெதுவாகத்தான் போனேன். மெதுவாகப் போனால் அந்த டயர் ஊளையிடாது, நடுங்கும். கைப்பிடி நடுங்கியது, சீற்று நடுங்கியது, பன்பைக்குள் வெற்றிலைத் தட்டம் கோயில் மணி மாதிரி ஓயாமல் அடித்தது. சந்திக்கு இன்னும் இருக்கும்போதே முதுகில் தட்டத்தின் நுனி இடித்தது. நிறுத்தினேன். மாமி இறங்கி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, வீட்டை நோக்கி நடந்தார். நான் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். நடக்கும் வேகத்தில்கூட அது முனகியது.

வீட்டு வாசலில் முருங்கை மரம் செய்தியைப் பெற்றுக்கொண்டது. “பொய்ப்பல்லு கழண்டு வாய்க்க சுத்துது. வெள்ளிக்கிழம அந்த ஆள் வரட்டும்.”

அன்று பகல் சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தேன். மனைவி எனக்கு எதிரே குந்திக்கொண்டு தேங்காய் துருவினாள்.

“நான் ஒண்டு கேட்கட்டா?” என்றாள். “நீங்க சனிக்கிழம போட்டிருந்த வெள்ளச் சேட்டு எங்க?”

“கொடியில.”

“அதில பொத்தான் ஆர் தைச்ச?”

“நீதான். கறுப்பு நூலால தைச்சிரிக்கிற. நானும் ஒண்டும் சொல்லல்ல.”

“நான் தைக்கல்ல. அம்மா தைச்ச. கண் தெரியாம, கையில அம்பிட்ட நூலால.” துருவலை நிறுத்தினாள். “உழுந்த நேரம் உங்கட சேட்டப் பிடிச்சி இழுத்திட்டாவாம். ரெண்டு பொத்தான் பிஞ்சி போச்சாம். அதுவும் எதிர்க் கட்டில அத்தின பேர் பாத்துக்கொண்டு நிக்க. அதான் அவவுக்கு. சேறும் இல்ல, சறுக்கினதும் இல்ல. மருமகன்ட சேட்டப் பிடிச்சிட்டன் எண்டு நாலு நாளா எனக்கிட்டப் புலம்பிற.”

நான் தேங்காய்த் துருவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த இடத்துக்கு மருந்து போட்டிருக்கிறோம். நோவு வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

“ஏன் முதல்ல சொல்லல்ல?”

“சொல்லாத எண்டு சொன்னாவே. நான் என்ன செய்ய? நாளைண்டைக்கு அந்த ஆள் வந்திடுவார் எண்டுதான் இப்ப சொல்றன்.”

“பிடிக்கிறதுக்குக் கரியர் கம்பி இரிக்கே?”

“அது பின்னுக்கு. முன்னுக்குச் சறுக்கினா முன்னுக்குத்தானே பிடிப்பா? முன்னுக்கு நீங்க மட்டும்தான் இரிக்கிறீங்க.”

பன்னிரண்டு வருடத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. நான் முன்னால் பார்த்து ஓட்டுகிறவன்.

“கடையில சொல்லி, சீற்றுக்குப் பக்கத்தில ஒரு கைப்பிடி ஒட்டலாம்” என்றேன். “பொம்புளைகள் ஏறுற வண்டியில இரிக்கு. நான் கண்டிரிக்கன்.”

மனைவி எழும்பி உள்ளே போனாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மாமியின் குரல், பூனையை நோக்கி வந்தது: “அந்தக் கடைய எனக்கும் ஒருக்காப் பாக்கணும்.”

வியாழக்கிழமை காலை மாமி பஸ்ஸில் கல்லடிக்குப் போனார். அந்த நடுங்கும் வண்டியில் ஏற முடியாதுதானே. நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஆலைச் சத்தத்தோடு போனேன். ஒவ்வொரு தரிப்பிலும் பஸ் நிற்க நானும் நின்றேன். பின் கண்ணாடிக்குள்ளால் மாமி ஒருமுறை பார்த்தார். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண் எதையோ கேட்டு, இருவரும் சிரித்த மாதிரி இருந்தது.

கடைக்காரர் மாமியைக் கண்டதும் முக்காலியைத் துடைத்து வைத்தார். என்னைப் பார்த்து, இவர்தானா அந்த ஒரு மூடை என்று கண்ணால் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மாமி இருக்கவில்லை. “தம்பி, இந்தச் சேத்து டயர ஆர் போடச் சொன்ன?”

“உங்கட மகன்தான் அம்மா.”

“அப்ப கழட்டி அவன்ட வாசல்ல போடுங்க. குரோட்டன் நட்டு வெக்கட்டும்.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, மூன்று நாள்தானே ஓடியது, வேறு ஆளுக்கு விற்றுத் தருகிறேன் என்றார். பிறகு அன்றைக்குக் காட்டிய நடுத்தர டயரைக் கொண்டுவந்தார். நடுவில் பட்டை, கரையில் வெட்டு. அதைப் பற்றி எனக்கு விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். மாமி அதற்குள் குனிந்துவிட்டார்.

விதை நெல் வாங்கும்போது அவர் செய்வதை நான் பன்னிரண்டு போகம் பார்த்திருக்கிறேன். சாக்கைப் பார்க்கமாட்டார். நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, மணப்பார், நகத்தால் அழுத்துவார், ஒன்றைக் கடிப்பார். டயரைக் கடிக்கவில்லை. மற்றதெல்லாம் செய்தார். பெருவிரல் நகத்தை ரப்பரில் ஊன்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பார்த்தார். நகத்தின் அடையாளமே இல்லை. வெட்டுக்குள் விரலை விட்டு விரித்தார். அடியில் மயிர் போல நுண்ணிய வெடிப்புகள்.

“தம்பி, இது எப்ப செஞ்ச?”

கடைக்காரரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். “முதல் ரெண்டும் கிழம, மத்த ரெண்டும் வருசம் அம்மா...” எண்ணிப் பார்த்தார். “அஞ்சு வருசம் ஆகிட்டு. ஆனா ஓடாத டயர். புதுசுதான்.”

“பழைய விதநெல்லும் விதைக்காத நெல்லுதான். விதைச்சா முளைக்காது.” மாமி நிமிர்ந்தார். “வேற இரிக்கா?”

கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், மேல் தட்டிலிருந்து அதே மாதிரி ஒரு சோடியை இறக்கிக்கொண்டு வந்தார். அதில் நகம் பதிந்து, பிறகு மெல்ல மறைந்தது. இலக்கமும் போன வருடத்தது. திங்கட்கிழமை நான் டயரை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறேன். என்ன பார்த்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் அந்தக் கடையில் இன்றும் பேசுகிறார்கள். மாமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் கைக்கெட்டும் தூரம். பூனை இல்லை. முருங்கை இல்லை. கடைக்காரர் அகப்பட்டார்.

“தம்பி, மருமகனிட்டக் கேளுங்க, இது அவருக்குச் சரியாமா எண்டு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். “அவர் இந்தா நிக்கிறாரே அம்மா?”

“கேளுங்களன்.”

“அண்ணன், சரியாமா?”

“சரி எண்டு சொல்லுங்க” என்றேன்.

“சரியாம் அம்மா.”

“பின்னுக்குக் காத்து எவ்வளவு அடிக்கணும் எண்டு கேட்டு அடிங்க.”

“அதுக்கு உங்கட நிறை தெரியணுமே அம்மா” என்றார் கடைக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே. “அண்ணன் அண்டைக்கு ஒரு மூடை நெல்லுக்குக் கொஞ்சம் கூட எண்டு...”

எனக்கு அந்த இடத்திலேயே டியூப்புக்குள் புகுந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த முறை பொய்ப்பல்லுக்காக அல்ல.

“மருமகனிட்டச் சொல்லுங்க தம்பி,” என்றார், சிரிப்பு அடங்காமல், “ரெண்டு மூடைக்கு அடிச்சா வழியில கரச்சல் இல்லயாம் எண்டு.”

கைப்பிடியைப் பற்றி நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்க, மாமியே கடைக்காரரிடம் சொன்னார். சீற்றின் இடது பக்கம், பன்பைக்கு முன்னால், கை எட்டும் இடத்தில் ஒன்று வேண்டும்; உருண்டைக் கம்பி; கூர் இருக்கக்கூடாது. பக்கத்து வெல்டிங் ஒட்டுக்கடையில் அரை மணித்தியாலத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். மாமி சூடு ஆறும்வரை காத்திருந்து, பிடித்து, ஆட்டி, தொங்கிப் பார்த்தார். வண்டிதான் சரிந்தது. கம்பி அசையவில்லை.

கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்கு மாமி வண்டியில் வந்தார். டயர் சத்தம் போடவில்லை. இடையில் தூறல் விழுந்து வீதி நனைந்தது. நான் வேண்டுமென்றே ஒரு இடத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். நேராக நின்றது. பன்பை அசைந்தது, தட்டம் சத்தம் போடவில்லை. இடது பக்கக் கண்ணாடியில் மாமியின் முகம் தெரிந்தது. ஒரு கை புதுக் கம்பியில். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் எல்லை வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிவிட்டது போலிருக்கிறது.

“கண்ணாடி,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “கொஞ்சம் மெதுவாப் போ மனே.”

பன்னிரண்டு வருடத்தில் பூனையையோ முருங்கையையோ அவர் மனே, மகனே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் மெதுவாகப் போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கரடியனாற்று ஆள் வந்தார். மாமி அவருக்குத் தேநீர் கொடுத்து, வயல் குத்தகைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். பத்து மணிக்கு நானும் மாமியும் வட்டைக்குப் போனோம். செங்கலடியில் நிறுத்தி, இரண்டு மூடைக்கு அடித்திருந்த பின் டயருக்குக் கொஞ்சம் காற்றுக் குறைத்தோம்.